பிரிவு பதினொன்று

என் வீட்டு வாசற்கதவு இருபத்தெட்டு அங்குலம்.
ஆர்விலின் சக்கர நாற்காலி இருபத்தாறு.
கணக்குப்படி இடம் இருக்கிறது.
சக்கரத்தைத் தள்ளும் கைக்குத்தான்
அந்தப் பக்கம் ஓர் அங்குலம், இந்தப் பக்கம் ஓர் அங்குலம்.
விரல் கணுவில் தோல் ஆற விடுவதில்லை இந்தக் கதவு.

பிறகு ஐந்து படிகள். கருங்கல்.
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நான்கில்
ஒரு கப்பல் தலைவன் போட்டது.
அவனுக்கு இரண்டு காலும் நன்றாக இருந்திருக்கின்றன.

கதவை அகலமாக்கவும் சாய்தளம் கட்டவும்
அனுமதி கேட்டு எழுதி முடித்தேன்.
பெறுநர் என்ற இடத்தில் பேனா நின்றது.
மரபுக் கட்டடக் குழு.
பதினேழு வருடம் அதன் தலைவி நான்.

பிரிவு நான்கு:
தெருவைப் பார்த்த முகத்தில்
கதவோ சன்னலோ படியோ மாற்றலாகாது.
கூடாது என்றே போடலாமே என்றார்கள் அன்று.
ஆகாது என்றால்தான்
கல்லில் வெட்டியதுபோல் இருக்கும் என்றேன்.
துறைமுகத் தெருவின் முதல் பித்தளைத் தகடு
என் வீட்டுக்குத்தான் வந்தது.
ஏணியில் ஏறித் திருகாணி முடுக்கியது ஆர்வில்.

எதிர்வீட்டு டெல்பர்ட் அப்போது
பிளாஸ்டிக் சன்னல் வைத்திருந்தான், எட்டு.
கடற்காற்று புகுகிறது, பிள்ளைக்கு இழுப்பு என்றான்.
மரத்துக்கு மாற்ற எட்டு மாதக் கெடு கொடுத்தோம்.
பதினோராயிரம் டாலர் ஆயிற்றாம்.
அவன் படகை விற்ற வருடமும் அதுதான்.
இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று
நான் கேட்டதில்லை.
கேட்காமல் இருப்பதற்கு நிறைய வழி இருக்கிறது,
நோவா ஸ்கோஷியாவின் இத்தனை சிறிய ஊரில்கூட.

விசாரணை அன்று
கடைசி வரிசையில் இருந்தான், தொப்பி கழற்றாமல்.
புதிய தலைவி கோரின் ஸிங்க், இளம் பெண்,
என் சட்டத்தை என்னிடமே வாசித்தாள்
ஒரு காற்புள்ளி தவறாமல்,
மிக மரியாதையாக.
வேறு யாராவது பேச விரும்புகிறீர்களா?
டெல்பர்ட் எழுந்தான்.
"என்னை எட்டு மாதம் காக்க வைத்தாள்.
அவளையும் வையுங்கள்."
உட்கார்ந்துகொண்டான்.
யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.
எனக்குள் கோபத்தைத் தேடிப் பார்த்தேன்,
கைப்பைக்குள் சாவி தேடுகிற மாதிரி.

வெளியே வண்டிகள் மேல் பனி.
கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தவன்
திரும்பாமலே கேட்டான்:
"பிரிவு பதினொன்று பார்த்தாயா?"

இந்த ஊரில் அந்தச் சட்டத்தை
முழுக்கப் படித்தவர்கள் இரண்டே பேர்.
எழுதிய நான்.
அதில் ஓட்டை தேடி
ஒரு குளிர்காலம் தூங்காத அவன்.

பதினொன்று: மீன்பிடிப் பருவத்துக்கான
தற்காலிக மேடைகள், சரிவுப் பலகைகள்,
ஆணி அறையாமல்,
ஆறு மாதத்துக்கு மிகாமல்.
சிங்கி இறால் கூண்டு உருட்டுகிறவர்களுக்காக
கடைசி நேரத்தில் ஒட்டிய வரி.
எதை உருட்ட வேண்டும் என்று
அதில் நான் எழுதவில்லை.

பலகையை அவனே அறுத்தான்.
நானூற்று அறுபது டாலர். ரசீது உண்டு.
ஒரு சென்ட் குறைக்கவில்லை.
காபி வேண்டாம் என்றுவிட்டான்.

கதவு அப்படியேதான்.
ஆர்வில் தோல் கையுறை போட்டுக்கொள்கிறார்.
வருடத்தில் இரண்டு நாள்
பலகையைக் கழற்றிக் கொல்லைச் சுவரில் சாய்க்க வேண்டும், விதிப்படி.
மறுநாள் திரும்பப் போடலாம்.
அன்று அவர் வெளியே வர வழியில்லை.
வானொலியில் கடல் வானிலை கேட்டுக்கொண்டு
சமையலறையில் இருப்பார்.

நான் தெருவைக் கடந்து
எதிர்ப்பக்கம் போய் நின்று பார்ப்பேன்.
ஐந்து படி. கருங்கல்.
கதவுக்கு மேலே புடைத்து நிற்கும் மாடிச் சன்னல்.
ஒரு முழு நாள் அந்த வீடு
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நான்காகவே இருக்கிறது.
யாரோ ஒரு பயணி படம் எடுக்கிறான்.
அழகாகத்தான் இருக்கிறது.
இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதுகுக்குப் பின்னால்
டெல்பர்ட்டின் மரச் சன்னல் ஒன்று
காற்றில் தடதடக்கிறது.