பதினோராம் எண்

பதினோராம் எண்ணுக்கு
என் குரல் கொஞ்சம் மூக்கடைத்திருக்கும்.
முப்பத்தெட்டுக்கு அது என் குரல்.
தொண்டையை மாற்றிக்கொள்ள நடுவில் இருபத்தாறு பேர்,
அதில் இரண்டு பேர் எப்போதுமே வருவதில்லை.

சேர்க்காட்டு வெயிலில்
வேதியியல் துறையின் மின்விசிறிகள்
அதே சூட்டை எடுத்து
அதே தலைகளில் கொட்டும்.
சார் நிமிராமல் எண்களை மட்டும் கூப்பிடுவார்.
எங்களுக்குப் பெயர் இருப்பது
இன்டர்னல் மார்க் போடும்போதுதான் அவருக்கு ஞாபகம் வரும்.

எப்சிபா அந்நேரம்
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
எந்த ஊர்க் காலுக்கோ இடது மேல்தோல் ஒட்டிக்கொண்டிருப்பாள்.
வலதை ஒட்டுவது வேறொருத்தி.
"ஜோடியா ஒரு ஷூவ நான் பாத்ததே இல்ல யுவா" என்பாள்.
வாரத்தில் ஒரு நாள், சில வாரம் இரண்டு.
பீஸ் கட்ட என்று தொடங்கியது
தம்பிக்கு போன், அம்மாவுக்குப் பல் என்று நீண்டது.

ஷிப்ட் முடிந்து
திருவலம் இரும்புப் பாலம் தாண்டி வரும் பஸ்ஸில்
நின்றுகொண்டே தூங்கி,
கடைசி லேபுக்கு வந்து சேர்வாள்.
கையில் பசை வாசனை.
என் தக்காளி சாதத்தில் பாதியைத் தின்றுவிட்டு,
"இன்னிக்கி நான் எப்டி பேசினேன்? பேசிக் காட்டு."
பேசிக் காட்டுவேன்.
"ஐயய்ய, நான் இன்னா இவ்ளோ அழுமூஞ்சியா?"

ஒரு ஞாயிறு,
படத்துக்குக் கூப்பிட்டேன். ஓவர் டைம்டி என்றாள்.
சாயங்காலம் அவள் ஸ்டேட்டஸில்
வேலூர்க் கோட்டை அகழி,
கம்பெனிப் பெண்கள் ஐந்து பேர்,
நடுவில் இவள், புது மஞ்சள் சுடிதார்,
பல் அத்தனையும் தெரியச் சிரிப்பு.
நான் அதைப் பதினாலு தடவை பார்த்தேன்.
பார்த்தவர் பட்டியலில் ஒரு தடவைதான் காட்டும்,
அது ஒரு நல்லது.

திங்கட்கிழமை.
பதினொண்ணு.
மின்விசிறி.
பதினொண்ணு?
பக்கத்தில் ஷாகிரா என் முழங்கையை இடித்தாள்.
நான் பேனா மூடியைத் திறந்து மூடினேன்.
பன்னிரண்டு என்றார்.
முப்பத்தெட்டுக்கு நான் கத்தியது
வராந்தாவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி இருந்தது.

செமஸ்டர் கடைசியில் போர்டில் ஒட்டினார்கள்.
எண் பதினொன்று: தொண்ணூறில் அறுபத்தேழு.
அறுபத்தெட்டு இருந்தால் போதும்.
விரலை அந்தக் கட்டத்திலேயே வைத்துக்கொண்டு நின்றேன்,
அழித்துவிடலாம் என்பதுபோல.

அபராதம் கட்டும் வரிசையில் அவளோடு நானும் நின்றேன்.
நூறு ரூபாய் நோட்டுகள்,
கடைசியில் பத்துகள்,
இரண்டு தடவை எண்ணினாள்.
நான் பாதி தரேன் என்றேன்.
"நீ எதுக்கு?"
சொல்ல வாய் திறந்தேன்.
ரசீதை நாலாக மடித்துக்கொண்டே
என்னைப் பார்க்காமல் சொன்னாள்:
"அன்னிக்கி உனக்குத் தொண்ட கட்டிக்கிச்சின்னு
ஷாகிரா சொன்னா."

பிறகு காட்பாடி பஸ்ஸில்
ஜன்னல் பக்கம் எனக்கு விட்டாள்.
எப்போதும் அது அவள் இடம்.
நான் உட்காரவில்லை.
அவளும் உட்காரவில்லை.
பிரம்மபுரத்தில் ஏறிய ஒரு அம்மா
காலியாக இருந்ததைப் பார்த்து, கூடையோடு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த செமஸ்டர் முதல் நாள்
பதினொன்றுக்கு அவளே சொன்னாள்.
வருகைப் பதிவேட்டிலிருந்து
முதல்முறையாக நிமிர்ந்தார் சார்.
"யாரும்மா அது, குரல் வேற மாதிரி இருக்கு?"
வகுப்பே சிரித்தது.
அவளும் சிரித்தாள்.
எனக்கு முப்பத்தெட்டு வர
இன்னும் இருபத்தாறு பேர் இருந்தார்கள்.