பதினேழாவது டேக்

சிம்மக்கல்லில் ஒரு பெயிண்ட் கடை மாடி.
சுவரெல்லாம் முட்டை அட்டை.
மைக்குக்குக் கேட்குமென்று ஃபேனை நிறுத்திவிட்டார்கள்.
டவுன் பஸ்ஸில் நிறுத்தம் சொல்லும் குரல்
இனி என்னுடையதாம்.
நாற்பத்தொரு பெயர். மூவாயிரம் ரூபாய்.

முதலில் பெரியார்.
உதட்டை மூடி, பின்னால் காற்றைத் தேக்கி,
பட்டென்று திறந்தேன்.
கண்ணாடிக்கு அந்தப்புறம் ஜெபக்குமார்
ஹெட்ஃபோனைப் பிடுங்கிக் காதைத் தேய்த்தார்.
"வெடிக்குதும்மா."
ஒரு நைலான் சாக்ஸை வளையத்தில் மாட்டி
மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்.
வெடி அதில் தங்கியது. பெயர் மட்டும் போனது.

அன்றைக்கு எனக்குச் சளி வேறு.
ம-வுக்கும் அதே உதடு, அதே பூட்டு;
காற்றுதான் மூக்கு வழியே போக வேண்டும்.
மூக்கில் முழுக் கடையடைப்பு.
மாட்டுத்தாவணி, பாட்டுத்தாவணி ஆயிற்று.
சுக்குக் காப்பி வந்தது.
குடித்துவிட்டுத் தொண்டையில் விரல் வைத்தேன்:
ம்ம் என்றால் உள்ளே ஒரு வண்டு.
ஸ்ஸ் என்றால் வண்டு இல்லை,
வெறும் காற்று.

பிறகு பழங்காநத்தம்.
நான் உசிலம்பட்டிக்காரி.
எங்கள் வீட்டில் வாளப்பளம்தான், மளைதான்.
"நாக்கு மேல முட்டுதும்மா. மடக்கு, தூக்கு,
ஆனா தொடாத."
பல்லைத் தொட்டால் த.
ஈறைத் தொட்டால் ல.
மடிந்துபோய் அண்ணத்தைத் தொட்டால் ட, ள.
தொட்டுத் தொட்டே பிழைத்த நாக்கு
அந்தரத்தில் நின்று நடுங்கியது.
"இது எத்தனாவது டேக்?"
"பதினேளு" என்றார் ஜெபக்குமார்.
இரண்டு பேரும் சிரித்ததை மெஷின் பிடித்துக்கொண்டது.

அப்புறம் வந்துவிட்டது.
பழங்காநத்தம். கீழவாசல். கீழமாசி வீதி.
ஏறிய நாக்கு இறங்க மனசில்லாமல்
அன்று முழுக்க மேலேயே திரிந்தது.

ஆறு மாதம் கழித்து ஒரு சாயங்காலம்
கம்பியைப் பிடித்துத் தொங்குகிறேன்.
ஏவி பாலத்தில் நெரிசல்.
தலைக்கு மேலே நான் சொல்கிறேன்:
"அடுத்த நிறுத்தம், கோரிப்பாழையம்."

எனக்கு உச்சந்தலை வேர்த்துவிட்டது.
தொட வேண்டிய இடத்தில் தொடாமல் விட்டிருக்கிறேன்.
தினமும் எத்தனை நடை, எத்தனை பஸ்!
ஒருவரும் நிமிரவில்லை.
பூக்கூடைக்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டார்.
காலேஜ் பையன் செருப்பைத் தேடினான்.
கண்டக்டரோ விசிலைப் பல்லில் கடித்திருந்தார்,
உதடு மூட வழியில்லை,
ப-வே இல்லாமல் கத்தினார்:
"கோரி..ஆளயம் எறங்கு, எறங்கு!"

இறங்க வேண்டியவர்கள் எல்லோரும் இறங்கினார்கள்.
தல்லாகுளம் டிக்கெட் வைத்திருந்த நானும்.