வாசித்தாலே அழிகிற இடம்

துறைமுகத்தில் ஏழாம் இலக்கக் கிரேன்
செவ்வாய் இரவு சத்தமில்லாமல் நின்றுபோனது.
சஹாப்தீன் மேலே கூண்டுக்குள், நாற்பது நிமிடம், மழை.
எச்சரிக்கை வந்துதான் இருக்கிறது.
கிரேன் சொல்லியிருக்கிறது.
எங்கள் சோதனைக் கருவி முந்திப் போய்
அதை வாசித்துவிட்டது.

சில முகவரிகள் அப்படி.
மற்றவை போலவே எண் போட்டு வரிசையில் கிடக்கும்.
அங்கே நினைவகம் இல்லை,
ஒரு சில்லின் பதிவகம் இருக்கிறது.
ஒருமுறை வாசித்தால் போதும்,
பார்த்துவிட்டார்கள் என்று நம்பித்
தன்னைப் பூச்சியமாக்கிக்கொள்ளும்.

இனோகா கொட்டாஞ்சேனையிலிருந்து எடுத்தாள்.
பாதிக் குரல், பாதி மழை.
"கேர்னலுக்குள் ஒரு ஆளை நிறுத்து.
யார் எந்த முகவரி கேட்டாலும்
முதலில் அட்டவணையைப் பார்க்கட்டும்."

ஆகவே இந்த இரவு, வெள்ளவத்தை, நாலாம் மாடி.
கரையோர ரயில் போகும்போதெல்லாம்
பிளேன்டீயில் வட்டம் விழுகிறது.
நான் எழுதினேன்:
தொடக்கத்தோடு நீளத்தைக் கூட்டு,
எல்லைக்குள் வந்தால் விடு.

சோதிக்க ஒரு பைத்தியக்கார நீளம் கொடுத்தேன்.
கூட்டல் முப்பத்திரண்டு பிட்டும் நிரம்பி வழிந்து
மறுபக்கத்தால் சுற்றி வந்து
ஒன்பது என்று நின்றது.
ஒன்பது சின்ன எண். நல்ல பிள்ளை.
கதவு திறந்துவிட்டது.

எங்கிருந்து? எவ்வளவு?
இதே ஒழுங்கையில் இதே இரண்டையும் கேட்டார்கள்,
எனக்குப் பதினொரு வயது.
பொலிஸ் பதிவுப் படிவத்தில்
எங்கிருந்து என்பதற்கு அப்பா
ஊரின் பெயரை முழுதாக எழுதினார்.
எவ்வளவு நாள் என்பதற்கு
இரண்டு கிழமை.
ஒவ்வொரு முறையும் இரண்டு கிழமை.
அப்படியே கூட்டிக் கூட்டி நான் ஓ லெவல் எழுதிவிட்டேன்.

ஒப்பிடக் கூடாதுதான்.
அவர்கள் முகத்தைப் பார்த்து எண்ணைக் கேட்டார்கள்.
எனக்கு முகமே தெரியாது.
என்றாலும் மறுக்கிற இடத்தில்
வெறும் "இல்லை" என்று திருப்பி அனுப்ப
விரல் வரவில்லை.
முகவரி தவறு என்றால் அது ஒரு எண்,
அனுமதி இல்லை என்றால் வேறு எண்.
தனித்தனியாக எழுதினேன்.

பிறகு கூட்டலை அழித்தேன்.
நீளம் எல்லையை விடப் பெரிதா? போ.
எல்லையிலிருந்து நீளத்தைக் கழி,
தொடக்கம் அதற்கும் மேலேயா? போ.
கழித்தல் வழியாது,
முதல் கேள்வியை முதலில் கேட்டிருந்தால்.
மிச்சத்தை அட்டவணை சொல்லும்:
இது நினைவகம், வாசி.
இது சில்லு, தொடாதே.

அப்பாவிடம் ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறேன்,
அந்த ஸ்டேஷனில் இருந்த மூன்று இரவுகளைப் பற்றி.
தெஹிவளை பஸ்ஸில், நின்றுகொண்டே,
எல்லாவற்றையும் சொன்னார்.
அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும்
"என்ன இரவு?" என்கிறார்.

மணி மூன்று பத்து.
ஒன்பது இப்போது வெளியே நிற்கிறது.
இனோகாவுக்கு அனுப்பிவிட்டேன்.
காலையில் சஹாப்தீன் ஏறுவதற்கு முன்
யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும்,
அன்று கிரேன் கத்தியது என்று.