கணக்கெடுப்பு வட்டம் முப்பத்தேழு

ஒரு கையில் சுண்ணாம்புக்கட்டி, மறு கையில் கைப்பேசி.
செங்காளிபாளையத்துக் கதவுகளில் எண் போட்டுக்கொண்டு போகிறேன்.
பள்ளிக்கூடத்தில் எனக்கு மூன்றாம் வகுப்பு.
சித்திரை வெயிலில் அரசாங்கத்துக்குத் தலை எண்ணும் வேலை.

ஒன்பது: பூட்டு.
பன்னிரண்டு: பூட்டு. சன்னல் வழியே ஒரு சோபா,
பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.

பதினான்கு: அர்த்தநாரி, வயது அறுபத்தொன்று.
"பையன் டொராண்டோவுல. எழுதிக்குவீங்களா?"
இங்கே தங்காதவரை எழுத முடியாதுங்க.
"அப்ப ரெண்டே பேர்த்தான்" என்றவர்
காட்டைப் பார்த்துக் கையை நீட்டினார்.
ஏழு ஆழ்குழாய்.
கடைசியாகப் போட்டது ஆயிரத்து இருநூறு அடி;
மேலே வந்தது வெறும் கல்மாவு,
முருங்கை இலையெல்லாம் வெள்ளை பூத்து
நாலு நாள் அப்படியே நின்றதாம்.
"சனம் பெருத்துப்போச்சுங்க. தண்ணிக்கு எங்க போறது?"
குறித்துக்கொண்டேன்:
ஆட்கள் இரண்டு. குடிநீர் லாரி.
ஏழு குழிக்கு ஒரு கட்டமும் இல்லை.

பதினேழாம் எண்ணில் பொங்கியண்ணன் ஜாதகக் கட்டோடு.
முப்பத்தாறு, முப்பத்தொன்பது, நாற்பத்திரண்டு,
எல்லாம் மாப்பிள்ளைகள்.
பாலக்காட்டுப் பக்கம் மாதம் இரண்டு தடவை
வேன் வைத்துப் பெண் பார்க்கப் போகிறார்.
"கூட்டம் கூட்டம்னு பார்த்துப் பார்த்து
கூட்டத்துல ஆளே இல்லாமப் போச்சுங்க."
அவர் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டாம்.

ஈரோட்டுச் சாலை வளைவில் இரண்டு விளம்பரப் பலகைகள்.
ஒன்று ஆழ்குழாய் வண்டிக்காரருடையது,
ஒன்று கருத்தரிப்பு மையத்தினுடையது.
இரண்டிலும் தவணை வசதி உண்டு.

நூற்பாலைக்குப் பின்னால் தகர ஷெட்.
கதவு ஒன்று.
வாசலில் செருப்பு இருபத்திரண்டு சோடி,
ஆள் நாற்பத்தொன்று;
மீதிப் பேர் ஷிப்டில்.
ஒருவர் எழுந்த பாயில் இன்னொருவர் படுக்கிறார்,
பாய் ஆறுவதே இல்லை.
ரஞ்சிதா பெஹெரா, இருபத்தேழு, கேந்திரபாடாப் பக்கம்.
இடம்பெயர்ந்த காரணம்?
வேலை, திருமணம், படிப்பு, பிற.
அவள் ஒடியாவில் ஏதோ சொன்னாள், கையை மட்டமாக
இடுப்புவரை உயர்த்திக் காட்டினாள்.
கதவோரம் நின்ற மகள் லிப்சா
என் வகுப்புக்காரி, கடைசிப் பெஞ்சு.
"ஏனுங் டீச்சர், வயக்காட்டுக்குள்ள
கடலு வந்துருச்சுங்கறாங்க அம்மா."
கடலுக்கு எண் நான்கு: பிற.

எங்கள் வகுப்பில் பதினோரு பேர்.
ஒன்பது பேர் இந்த ஷெட்டிலிருந்து.
அவர்கள் வராவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு,
எனக்குத் தாளவாடிப் பக்கம் மாற்றல்.
கடலுக்கு நான் நன்றி சொல்ல முடியாது.
ஆனால் ஆனி மாதச் சேர்க்கை நாளில்
வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்,
அதை மறைக்கவும் முடியாது.

என் வீட்டை வேறொரு டீச்சர் எண்ணுவார்.
குழந்தை ஒன்று என்பேன்.
இரண்டாவது வேண்டாமென்று முடிவெடுத்த கோடையில்
குடம் ஒன்று பதினைந்து ரூபாய்க்கு வாங்கினோம்.
காரணம் அதுதானா என்று
எந்தப் படிவமும் கேட்கவில்லை,
அவரும் கேட்கவில்லை.

பொழுதோட திரும்புகையில்
விதைக்காத கொறங்காட்டில் மயில்கள்.
பழக்கதோஷம், எண்ணிவிட்டேன்: இருபத்துமூன்று.
கிளுவை வேலிக்குள் முட்டை தின்ன
ஒரு நரிகூட மிச்சமில்லை.
ஏதோ ஒன்று பெருகும்போதெல்லாம்
எது அற்றுப்போனதென்று பார்க்கத் தோன்றுகிறது.

லிப்சா பின்னாலேயே ஓடிவந்தாள்.
"எல்லா ஊட்டுக்கும் நம்பர் போட்டீங்க,
எங்களுக்கு மட்டும் ஏனுங் எல்லாருக்கும் ஒன்னே ஒன்னு?"

கைப்பேசியில் 'சமர்ப்பி' அழுத்தியிருந்தேன்.
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
விரலளவு மிஞ்சிய சுண்ணாம்புக்கட்டியை
அவளிடம் கொடுத்தேன்.
அவள் ஷெட்டை நோக்கி ஓடினாள்,
தகரத்தில் கீறல் சத்தம்
தார்ச்சாலை வரை கேட்டது.