கேள்வி பதினேழு

கோல கெட்டிலில் வேன் நின்றதும்
மூன்று பேரும் முகத்தைச் சரிசெய்கிறார்கள்,
ஐசிக்குப் படம் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி.
ஹஃபிஸுதீன், ஜியா வென், யாழரசி.
சமூகப்பணி, இரண்டாம் ஆண்டு.
வெளியே செம்பனை ஆலையின் புளித்த வாடை.

வகுப்பில் எல்லாம் செய்து பார்த்தாயிற்று:
சப்பாத்துக்குள் பச்சைப்பயறு,
மூக்குக்கண்ணாடியில் வாசலின்,
காதில் பஞ்சு.
அரை மணி நேரம் முதுமை.
பிறகு கழற்றிப் போட்டுவிட்டுக் கேன்டீனுக்கு ஓடினார்கள்.
சிதறிய பயறை நான்தான் பெருக்கினேன்.

இறங்குமுன் மறுபடி சொல்கிறேன்:
கேட்காமல் யாரையும் தாத்தா என்று கூப்பிடாதீர்கள்.
கத்தாதீர்கள், எல்லாருக்கும் காது போய்விடவில்லை.
திரும்ப வருவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்,
உங்களுக்குப் பதினான்கு வாரம்தான்.

தோட்டம் விற்றபோது கிடைத்த மலிவு வீடு.
பெத்தபெருமாள் சட்டை மாட்டிக் காத்திருக்கிறார்.
எங்களுக்கு அவர் நான்காம் வருடம்,
பாரம் அவருக்கு மனப்பாடம்.
"சொந்தமாத்தான் குளிப்பேன். ராத்திரி ரெண்டு தடவ எழும்புவேன்.
தீபாவளிக்கு முந்தி ஒருக்கா விழுந்தேன்.
எழுதிக்க லா. அடுத்தது?"
யாழரசியின் பேனா மூச்சு வாங்குகிறது.

பதினேழு: வரவு செலவு யார் கையில்?
இந்த இடத்தில் வருடா வருடம்
அவர் மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பார்.
யாழரசி பாரத்தைக் குப்புறக் கவிழ்த்தாள்.
"நேத்து பாசாருல என்ன வாங்குனீங்க?"

விசிறி நாலைந்து சுற்று சுற்றியது.

"எங்க வாங்குறது? பேங்க் கார்டு தங்கச்சி மவன்கிட்ட இருக்கு.
இத எழுதாத.
எழுதுனா சோறு நின்னுபோவும்."

தமிழ் தெரியாத ஹஃபிஸுதீன்
அவள் முகத்தைப் பார்த்துத் தன் பேனாவை மூடினான்.

கேட்டைச் சாத்தும்போது
"செவ்வாய்க்கிழமை வரேன்" என்றாள்.
நான் திருத்தவில்லை.

வேனில் ஒரே சண்டை.
ரகசியம் காப்போம் என்றோமே.
ஆபத்தென்றால் சொல்வோம் என்றும்தானே சொன்னோம்.
அவர் பணம், அவர் முடிவு.
பயந்தவர் எடுப்பது முடிவா?
பாலிங் சாலையில் ஒரு லாரிக்குப் பின்னால் ஊர்ந்தோம்.
"நீங்களா இருந்தா என்ன எழுதுவீங்க, மேடம்?"
பதினொரு வருடம் பாடம் நடத்துகிறேன்.
இந்த இடத்துக்கு என் ஸ்லைடில்
ஒரு தராசுப் படம் இருக்கிறது, அவ்வளவுதான்.
"அவரிடமே கேட்போம், செவ்வாய்க்கிழமை" என்றேன்.
பதில்போலத்தான் இருந்தது.

இரவு பழைய கோப்பை எடுத்தேன்.
மூன்று வருடம், மூன்று பாரம், மூன்று கையெழுத்து நடை.
கேள்வி பதினேழுக்கு நேரே மூன்றிலும்
'தானே பார்த்துக்கொள்கிறார்'.
கீழே, சரிபார்த்தவர் என்ற கோட்டின் மேல்
என் பெயர்,
தெளிவாக.