வாடி

பானத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன்,
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
இளஞ்சிவப்பு டப்பா, கொய்யாவும் இஞ்சியும்,
நாற்பத்தைந்து ரூபாய்.
எங்கள் தெருவில் அந்தக் காசுக்கு
இருபது லிட்டர் கேன் தண்ணீர் வந்து
மிச்சமும் வரும்.
பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருக்கும்.

மும்பையிலிருந்து வந்த தாளில் அவள் இருந்தாள்.
வயது பத்தொன்பது முதல் இருபத்தைந்து.
கனவு: உண்டு.
துணை: தேடுகிறாள்.
தயக்கம்: கொஞ்சம்.
அந்தக் கொஞ்சத்தில்தான் நம் டப்பாவை வைக்க வேண்டும் என்று
அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

கடலூரில் ஏழு பத்துக்குப் பேருந்து ஏறி
தவளக்குப்பம் நெரிசலில் நின்றுகொண்டே
அவளுக்கு ஒரு சொல் தேடினேன்.
அதிகாரம் என்றேன், தாலுகா ஆபீஸ் வாடை என்றார்கள்.
ஆற்றலை பேட்டரிக்காரன் எடுத்துக்கொண்டான்.
வலிமை சிமெண்டுக்குப் போய்விட்டது.
துணிச்சல் என்றால்
இதுவரை பயந்துகிடந்தாள் என்றாகுமாம்.
சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில்
பக்கத்து மேசை ரெஜினாவைக் கூப்பிட்டேன்:
வாடி.
மேலாளர் திரும்பினார்.
அதுதான், அதேதான்.

அவருக்குத் தமிழ் அவ்வளவுதான் தெரியும்.
எனக்குத் தெரியும்,
வாடி என்றால் வதங்கி என்றும் வரும்.
முதுநகரில் அம்மா
கருவாடு புரட்டிப் போடும் இடத்துக்கும்
அதுதான் பெயர்.
சொல்லவில்லை. மாதக் கடைசி.

படப்பிடிப்பு கடற்கரைச் சாலையில்,
ஏழரைக்கு வண்டிகளை விடுவதற்குள்.
நெல்லித்தோப்பு அந்துவானெத்,
முல்லா வீதி ஹசீனா,
அரியாங்குப்பத்துப் பூங்கோதை,
தேவனாம்பட்டினத்திலிருந்து கயல்மணி.
ஐந்து மணிக்குத்தான் ஒருவரையொருவர் பார்த்தார்கள்;
ஐந்தேகாலுக்கு உயிர்த்தோழிகள்.
டப்பாக்கள் காலி. மேலே வியர்த்திருந்தது கிளிசரின்.
ஒன்று, இரண்டு, சிரிங்க.
சூரியன் ஒரே தடவைதான் வரும், சிரிங்க.
பூங்கோதை சிரித்தால் ஈறு தெரிகிறதென்று
அவளை ஓரத்துக்கு நகர்த்தினார்கள்.
உடைகளைத் திரும்ப வாங்கும்போது
ஊக்குகளையும் எண்ணி வாங்கினார்கள்.
பிறகு ஆளுக்கொரு பாறை,
ஆளுக்கொரு போன்.

வாடி! இது நம்ம கூட்டம்.
அஜந்தா சிக்னலில் ஏறியது, மஞ்சக்குப்பத்தில் ஏறியது.
முதுநகரில் அதன் கீழேதான்
இறால் கம்பெனி வேன் தினமும் நிற்கும்.
உள்ளே பெண்கள்
ஐஸில் வெளுத்த விரல்களை அக்குளில் செருகிக்கொண்டு
அண்ணாந்து பார்ப்பார்கள்.
ஒருத்தி கேட்டாளாம்,
அந்தக் கூட்டத்துக்கு எத்தனை மணிக்கு ஷிப்ட் முடியும்?
அம்மா வந்து சொன்னாள்.
யார் எழுதியதென்று அம்மாவுக்குத் தெரியாது.

ஆளுக்கு நாலாயிரம், நாற்பத்தைந்து நாளில் என்று பேச்சு.
நூறு நாள் ஆயிற்று.
கயல்மணிதான் வாட்ஸப்பில் குழு தொடங்கினாள்.
பெயருக்கு யோசிக்கவில்லை: வாடி.
மேக்கப் போட்ட செல்வராணி சேர்ந்தாள்,
டப்பா துடைத்த இரண்டு பேர்,
கடைவாசல்களில் சின்னக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்து
கால் கடுக்க நின்ற பதினோரு பெண்கள்.
என்னையும் யாரோ சேர்த்துவிட்டிருந்தார்கள்.
சத்தத்தை அணைத்துவைத்தேன். வெளியேறவில்லை.

நேற்றிரவு ஹசீனா போட்டிருந்தாள்:
வியாழன் பதினொரு மணி. மிஷன் வீதி, மூணாவது மாடி.
லிப்ட் வேலை செய்யாது.
தண்ணி எடுத்துக்கிட்டு வாங்கடி.

இன்று வியாழன்.
பிரிட்ஜில் இளஞ்சிவப்பு டப்பா இருபத்துநாலு.
மேலாளர் கதவைச் சாத்திக்கொண்டு
மும்பையோடு பேசுகிறார்.
படிக்கட்டில் செருப்புச் சத்தம்,
முதல் மாடியில் நின்று மூச்சு வாங்குகிறது,
யாரோ யாரையோ அதட்டுகிறார்கள், ஒரு சிரிப்பு,
ஈறு தெரியும் சிரிப்பாகத்தான் இருக்கும்.

எனக்கும் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி.
நாற்காலியைப் பின்னால் தள்ளுகிறேன்.
கிறீச்சென்கிறது.
ரெஜினா ஏறிட்டுப் பார்க்கிறாள்.