கசிவு

டவுன்ஹால் ரோட்டில் அஞ்சு எண்ணம் பத்து ரூபாய்.
கருப்பு உளுந்தைப் பாதியாய் உடைத்து
மூன்று கம்பிக்கால் வைத்தது போலிருக்கும்.
கடைப் பையன் கேட்டான்,
"எதுக்குக்கா, ஆம்ப்ளிஃபயருக்கா?"
இல்லப்பா, ஒரு மடைக்கு.

கள்ளந்திரிக்குக் கீழே எங்கள் வாய்க்கால்.
திறப்போம் என்பார்கள், தேதியும் சொல்வார்கள்,
தண்ணீர் வந்து சேர்வது மட்டும்
ராத்திரியில் எந்நேரமோ.
காவலுக்குப் போட்ட ஆள் தூங்கிப்போவான்.
அதனால் மடைவாயில் இரண்டு செம்புக் கம்பி,
ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு பென்டார்ச் செல்.
பக்கத்தில், தனி பேட்டரியோடு உறங்கும் ஒரு சிம் போர்டு:
எழுப்பினால்
ஐந்து பேருக்கு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு
மறுபடி படுத்துக்கொள்ளும்.

செல் தை வரைக்கும் தாங்க வேண்டும்.
குறைத்துக் குறைத்து
மூன்று மைக்ரோ ஆம்பியருக்குக் கொண்டுவந்தேன்.
பாலிடெக்னிக் லேபில் பிள்ளைகளுக்கு நான் சொல்வது
பாயிண்ட் ஆறு வோல்ட்.
அது மில்லி ஆம்பியர்களின் நியாயம்.
இத்தனை கீழே வந்தால்
பாயிண்ட் ஐந்துக்கே திறந்துகொள்கிறது,
கதவைத் தட்டக்கூட வேண்டாம்,
வாசலில் நிழல் விழுந்தால் போதும்.

ஐப்பசி நாலாம் தேதி, ராத்திரி இரண்டே கால்.
ஐந்து போனும் அடித்தன.
காசிமாயன் மண்வெட்டியோடு,
சோலையம்மா நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு,
எல்லோரும் ஓடி வந்து பார்த்தால்
மடைவாயில் வெடித்த களிமண்.
ஒரு தவளைகூட இல்லை.
"டீச்சர் மிஷினு கனாக் கண்டுருச்சு" என்றார் காசிமாயன்.
சிரித்தார்கள்.
பிறகு வைதார்கள்.
போய்விட்டார்கள்.

முதல் எண் என்னுடையது. கடைசி எண் வீரணன் அண்ணனுடையது.
முறைத்தண்ணிச் சண்டைக்கு அப்புறம்
மூன்று வருஷமாய்ப் பேச்சில்லை.
எண்ணை அவர் கொடுக்கவில்லை. எனக்கு மனப்பாடம்.
மற்றவர்கள் போனபின்னும் கரைமேல் நின்றவர்
இறங்கி வந்தார்.
துண்டால் இரண்டு கம்பியையும் துடைத்தார்,
கம்பிகளுக்கு நடுவே இருந்த பிளாஸ்டிக்கையும் துடைத்தார்,
துண்டை மோந்து பார்த்தார்.
என்னைப் பார்க்காமல்
"பனி" என்றார்.
ஏறிப் போய்விட்டார்.

விடியும்வரை கணக்குப் போட்டேன்.
பனிப்படலம் ஐம்பது மெகா ஓம்,
அதன் வழியே ஐம்பது நானோ ஆம்பியர்,
அதை நூறாய்ப் பெருக்கினால்
நான் கேட்ட மூன்றைத் தாண்டி ஐந்து.
பாவம், சரியாய்த்தான் சொல்லியிருக்கிறது.
நான் கேட்டது தண்ணீரா என்று,
அதற்குத் தெரிந்தது ஈரமா என்று.

பேஸிலிருந்து எமிட்டருக்கு ஒரு மெகா ஓம் வைத்தேன்.
சில்லறை ஈரத்தை அது தரைக்கு இறக்கிவிடும்,
வாய்க்காலே வந்தால்தான் இனி விழிக்கும்.
அப்புறம் மீட்டரை மாட்டி
அணைந்த நிலையில் அளந்தேன்.
அளக்குமுன்னே நோட்டில் சைபர் எழுதியிருந்தேன்.
கடைசி இலக்கம்
சைபருக்கும் ஒன்றுக்குமாய்ப் போய்ப்போய் வந்தது.
எழுதியதை அடித்தேன்.

தண்ணீர் இன்னும் திறக்கவில்லை.
நேற்று சாயங்காலம் கம்பிகளைப் பார்க்கப் போனேன்.
யாரோ
அதற்கு மேல் ஒரு நாட்டோடு சாய்த்து வைத்திருக்கிறார்கள்,
பனி படாமல்,
கீழே தண்ணீர் புகுந்து வர
நாலு விரல் இடம் விட்டு.